முதிரை வளைவும் இரும்புச் சட்டமும்: கண்டியைச் சுற்றிய பாலங்களின் மூட்டுகள் பற்றி

மடவளையிலிருந்து கண்டிக்கு எந்தப் பாதையால் போனாலும் மகாவலியைக் கடக்காமல் முடியாது. கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்ல, லேவெல்ல, தென்னக்கும்புர என்று கடவைகள் மட்டும் மாறும். கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு ஓடும் இந்த ஆறுதான் கண்டி அரசர்களின் முதல் மதில். அகலமான பாதையும் நிலையான பாலமும் பகைவனுக்கே உதவும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பலித்தது. 1815இல் அரசு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயருக்கு நேர்மாறான தேவை வந்தது. பிடித்த மலைநாட்டைக் கையில் வைத்திருக்கக் கொழும்பிலிருந்து படையும் பீரங்கியும் தடையின்றி ஏற வேண்டும். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அந்த வேகத்தில்தான் வெட்டுவித்தார். கடுகண்ணாவ மலையை ஏறி முடித்த வீதி, நகருக்கு நான்கு மைல் இருக்கும்போது பேராதனையில் ஆற்றங்கரையில் வந்து நின்றது.

அந்த இடத்தில் 1833இல் திறக்கப்பட்ட மரப்பாலத்தைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்தவர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள், குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட் உட்பட. கரைக்குக் கரை 205 அடி, ஒரே வளைவு, நடுவில் தூண் இல்லை. வறட்சிக் காலத்து நீர்மட்டத்திலிருந்து பாதைத் தளம் 67 அடி உயரத்தில் இருந்தது. வடிவமைத்தவர் ஜோன் ஃபிரேசர் என்ற படை அதிகாரி. 1862இல் வெளிவந்த பெரிய இலங்கை வரைபடமும் அவர் பெயரில்தான் அறியப்படுகிறது. தூண் வைக்காமல் விட்டதற்கான காரணத்தை மகாவலியின் வெள்ளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். மழைக்காலத்தில் வேரோடு பெயர்ந்து வரும் மரங்கள் நடு ஆற்றுத் தூணில் அடைபட்டால் அணைபோல் நீரைத் தேக்கும். பிறகு தூணும் போகும், பாலமும் போகும்.

மரம் முதிரை. வன்னியிலும் கிழக்கிலும் வீடு கட்டியவர்களுக்கு முதிரையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கன மீற்றருக்கு 900 கிலோவுக்குக் குறையாத கனம், எளிதில் உளுக்காத வைரம், கருவியின் கூரை மழுக்கும் கடினம். ஆனால் அது உலர்வலய மரம். கண்டியின் ஈரக்காட்டில் விளைவதில்லை. தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய மரம் என்பதும், முதிரை மிகப் பெரிதாக வளரும் இனமல்ல என்பதும் சேர்ந்து பாலத்தின் வடிவத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. இருநூறு அடி நீளத் தீராந்தி உலகில் எங்கும் இல்லை. 16, 17 அடித் துண்டுகள் கிடைக்கும். ஃபிரேசரின் வளைவு அத்தகைய, ஓரடிக் கனமுள்ள துண்டுகளால் ஆனது. ஐந்தடிக்கு ஒன்றாக நான்கு வில்கள். ஒவ்வொரு வில்லும் மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கிடையே இடைவெளி விட்டு, மொத்த ஆழம் எட்டு அடி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 205 அடி இடைவெளியை 16, 17 அடித் துண்டுகளால் நிரப்பினால் ஓர் அடுக்கில் குறைந்தது பன்னிரண்டு மூட்டுகள். நான்கு வில், மூன்று அடுக்கு என்றால் நூற்றைம்பதை ஒட்டி வரும். பாலத்தைப் பார்த்தவர்கள் மரத்தின் அழகைச் சொன்னார்கள். கட்டியவன் கவலைப்பட்டது அந்த நூற்றைம்பது இடங்களைப் பற்றித்தான் இருக்கும். மரத்துக்கும் இரும்புக்கும், வில்வளைவுக்கும் முக்கோணச் சட்டத்துக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. துண்டு துண்டாகக் கோத்த பாலம் நடுத்துண்டில் முறிவது அரிது. அது மூட்டில்தான் சாகும். கண்டியைச் சுற்றியும் இலங்கை முழுவதும் நிற்கும், நின்ற பாலங்களை இந்தக் கண்ணோடு பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பேராதனைப் பாலத்தைப் பற்றி இன்றும் சொல்லப்படும் பெருமை, ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டியது என்பது. அதை அற்புதமாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. வில்வளைவில் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டை நெருக்கித் தள்ளுகிறது. பாரம் ஏற ஏற நெருக்கம் கூடும். நெருக்கத்தில் இருக்கும் மூட்டுக்கு ஆணி பெரிதாக ஒன்றும் செய்யாது. முனைகள் ஒன்றையொன்று முழுப்பரப்பும் தொடும்படி வெட்டியிருக்க வேண்டும், பக்கவாட்டில் நழுவாதபடி பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மரவேலையின் பழைய அறிவும் இதுதான்: மரத்தை மரத்தோடு உதைக்க வைப்பது சுலபம், மரத்தை மரத்தால் இழுத்துப் பிடிப்பது கடினம். கழுந்தும் துளையும் உதைப்பைத் தாங்கும். இழுத்தால் கழுந்து உருவிக்கொண்டு வரும், அல்லது துளையின் ஓரம் பிளந்துபோகும். முழுவதும் உதைப்பில் நிற்கும் வடிவத்தைத் தேர்ந்ததுதான் ஃபிரேசரின் சாமர்த்தியம். அதற்கு அவர் கொடுத்த விலை கரைகளில் இருந்தது. வளைவு கரையை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கும் கரைச்சுவர் இல்லாத ஊரில் வளைவு கட்ட முடியாது.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் அப்பக்கத்தில் வேறொரு வழி தேடப்பட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மரம் ஏராளம், கல்தச்சர் குறைவு, கடக்க வேண்டிய ஆறுகளோ கணக்கில்லை. கரையைத் தள்ளாமல் தன் பாரத்தைத் தனக்குள்ளேயே சமாளித்து, இரு முனையிலும் கீழ்நோக்கி மட்டும் அமரும் சட்டம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதுதான் டிரஸ். நான்கு கம்புகளை நாற்சதுரமாகக் கட்டி மூலையில் தள்ளினால் சாயும். மூன்றை முக்கோணமாகக் கட்டினால், கம்பு முறிந்தாலொழிய சாயாது. முக்கோணங்களை வரிசையாக ஒட்டினால் எவ்வளவு நீளமும் போகலாம். பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் பல்லாடியோ இதை வரைந்து காட்டியிருந்தார். 1820இல் இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர், பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாக வலைபோல் அடித்து, சாதாரணத் தச்சர்களே கட்டக்கூடிய வடிவம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இலங்கையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இந்தச் சட்டங்கள் பழைய பகைவர்கள். சட்டப்படல் கணக்கில் போவின் குறியீடு போட்டு, தகைப்பு வரிப்படம் கீறி, எந்தக் கோலில் இழுவை, எந்தக் கோலில் உதைப்பு என்று எழுதாமல் புள்ளி கிடைக்காது. அந்தக் குறியீட்டைத் தந்த ரொபர்ட் போ ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர். அவருடைய நூல் 1873இல் வந்தது. சட்டத்தின் விசைகளைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் முதலில் நூலாக்கியவர்களில் ஒருவர் ஸ்குவயர் விப்பிள், ஆண்டு 1847. அதாவது, பேராதனையில் வளைவு ஏறியபோது இந்தக் கணக்கு எதுவும் பாடமாக இருக்கவில்லை. மடவளையில் இன்று பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை அரை மணித்தியாலத்தில் போடும் கணக்கு ஃபிரேசரின் கையில் இல்லை. ஆனால் பரீட்சைத் தாளில் ஒரு சலுகை இருக்கிறது: கோல்கள் இலேசானவை, ஒப்பமாக மூட்டப்பட்டவை. கறள், உக்கல், வெடிப்பு, தளர்ந்த துளை எதுவும் அந்த மூட்டுக்கு வராது. விடை சரியாக வந்த பிறகும் பாலம் விழுந்த கதைகள் எல்லாம் அந்தச் சலுகை இல்லாத இடத்தில் தொடங்கியவை.

மரத்துக்கு இழுவை மூட்டு வராது என்ற சிக்கலை 1840இல் வில்லியம் ஹோ நேரடியாக உடைத்தார். சாய்ந்த கோல்களை மரமாகவும், நிமிர்ந்த கோல்களை இரும்புக் கம்பியாகவும் வைத்தார். சாய்கோல் உதைப்பைத் தாங்கும், கம்பி இழுவையைத் தாங்கும். கம்பியின் முனையில் மரையும் நட்டும் இருந்ததால், மரம் காய்ந்து சுருங்கித் தளரும்போது முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். மரப்பாலத்தில் மூட்டைப் பராமரிக்கும் வழி மூட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. ரயில் நிறுவனங்கள் அதை அள்ளிக்கொண்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிராட் தந்தையும் மகனும் அதையே திருப்பிப் போட்டார்கள்: நிமிர்ந்தவை உதைப்பில், சாய்ந்தவை இழுவையில். உதைப்பில் இருக்கும் நீளக் கோல் நசுங்குவதற்கு முன்பே வளைந்து ஒடியும். ஆகவே உதைப்புக் கோல் குட்டையாக இருப்பது நல்லது. இழுவைக் கோலுக்கு நீளம் ஒரு பொருட்டல்ல. முழு இரும்புக்கு மாறிய உலகம் பிராட் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 1848இல் இங்கிலாந்தில் வாரன் சமபக்க முக்கோணங்களால் ஆன இன்னும் எளிய வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார்.

ஹோவின் மர வடிவத்தை அப்படியே இரும்பில் வார்க்கலாம் என்று நம்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆஷ்டபுலாவில் 1865இல் அமாசா ஸ்டோன் அப்படி ஒரு ரயில் பாலம் கட்டினார். 1876 டிசம்பர் 29 இரவு, பனிப்புயலில், ரயிலோடு அது விழுந்தது; தொண்ணூறு பேரளவில் இறந்தார்கள். உடைந்த இடம் கோல் அல்ல; கோல்கள் வந்து சேரும் வார்ப்பிரும்புக் கட்டையின் துருத்தல். வார்ப்பில் உள்ளே குறை இருந்தது, வெளியே தெரியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1879 டிசம்பர் 28 அன்று ஸ்கொட்லாந்தில் டே பாலம் புயலில் சரிந்தபோதும், தூண்களின் குறுக்குக் கம்பிகளைப் பிடித்திருந்த வார்ப்பிரும்புக் காதுகள் பிய்ந்திருந்தன. கணக்கு வளர்ந்து கணினி வந்த பிறகும் கதை மாறவில்லை. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று மாலை நெரிசலில் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். கோல்கள் போதுமானவையே. அவற்றைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள் ஓரங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலமாக இருந்தன. வடிவமைப்பில் நேர்ந்த பிழை, நாற்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

ஈர நாட்டில் மூட்டுக்கு இன்னொரு எதிரி உண்டு. நடுமரத்தில் விழும் மழை வழிந்து காயும். இரு மரம் சேரும் இடுக்கில் புகுந்த மழை அங்கேயே தங்கும். உக்கல் அங்கிருந்துதான் பரவும். மலைநாட்டுத் தச்சர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்பதற்குப் பதுளைப் பக்கத்தில் சான்று நிற்கிறது. ஹாலிஎலைக்கு அருகே கல்லந்த ஓயாவின் மேல், விகாரை ஒன்றுக்குப் போகும் வழியில் உள்ள போகொட மரப்பாலம் கண்டிக் காலத்து வேலை. சுமார் 50 அடி நீளம், 6 அடி அகலம். அது டிரஸ் அல்ல. தூண் மேல் தீராந்தி போட்டது. ஆனால் முழு நீளத்துக்கும் ஓட்டுக்கூரை வேய்ந்திருக்கிறது. பார்ப்பவர்கள் அந்தக் கூரையை வழிப்போக்கர் தங்குவதற்கென்று நினைப்பார்கள், தங்கியும் இருப்பார்கள். கூரையின் முதற் கடமை மூட்டுகளை நனையவிடாமல் காப்பது. அமெரிக்காவின் மூடிய பாலங்கள் சுவரும் கூரையுமாகக் களஞ்சியம்போல் நிற்பதற்கும் காரணம் அதுவே. பேராதனையின் முதிரை வளைவு கூரையில்லாமல், மழையிலும் வெயிலிலும், எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. முதிரையின் வைரத்துக்கும், எப்போதும் நெருங்கியே இருந்த மூட்டுகளுக்கும் அந்தப் பெருமையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

அந்த எழுபது ஆண்டுக்குள் பாலத்தின் மேல் போன பாரம் மாறிவிட்டது. கோப்பித் தோட்டங்கள் மலையை மூடின. இறக்கும் கோப்பிக்கும் ஏற்றும் அரிசிக்கும் மாட்டுவண்டிகள் வரிசை கட்டின. தெற்குத் தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளர்களால் தோட்டங்கள் நிறைந்தன. பாலம் எழுந்த அதே காலத்தில், 1832இல், வீதி வேலைக்குக் கட்டாயமாக ஆள் பிடித்த இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு மலைநாட்டின் கடுங்கூலி வேலை யார் தோளில் ஏறியது என்பது மலையகத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. 1880இல் மாத்தளைக்கு நீண்டபோது கட்டுகஸ்தோட்டையில் இன்னொருமுறை மகாவலியைக் கடந்தது. ரயிலுக்கு முதிரை போதாது. எஞ்சினின் பாரம் ஒரு சில சக்கரங்களில் குவிந்து, பாலத்தின் குறுக்கே ஓடும். வளைவின் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறும்போது மறுபக்கம் தூக்கப் பார்க்கும். எப்போதும் நெருக்கத்தில் இருந்த மூட்டுகள் ஒரு கணம் வாய் திறக்கும்.

இரும்பு ரயிலோடு வந்தது, கப்பலிலும் ரயிலிலும். பிரித்தானிய ஆலைகளில் கோல்கள் அளவெடுத்து வெட்டி, துளையிட்டு, இலக்கமிட்டு, பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டன. கொழும்பில் இறங்கி மலை ஏறி, ஆற்றங்கரையில் இலக்கப்படி கோக்கப்பட்டன. தூரத்திலிருந்து வரும் பாலம் சிறு துண்டுகளாகத்தான் வர முடியும் என்ற பழைய கட்டாயம் இங்கேயும் நின்றது. மூட்டும் அதனோடு வந்தது. இந்தமுறை மூட்டு தறையாணி. செங்கனலாகக் காய்ச்சிய ஆணியைக் குறட்டால் எடுத்துத் துளையில் செருகுவார்கள்; ஒருவன் தலையைத் தாங்கிப் பிடிக்க, மறுபக்கத்தில் இருவர் சம்மட்டியால் அடித்து இரண்டாவது தலையை உருவாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கும். அந்தச் சுருக்கம் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். பாரத்தில் ஒரு பங்கைத் தகடுகளுக்கிடையே எழும் உராய்வும் தாங்கும். ஒழுங்காக அடித்த தறையாணி நூறு ஆண்டு தளராது. தளர்ந்ததைக் கண்டுபிடிக்கப் பரிசோதகர் செய்வது சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது; இறுகியது ஒரு குரல், தளர்ந்தது வேறு குரல்.

பேராதனையின் முதிரைப் பாலத்துக்குப் பதிலாக 1905இல் இரும்புப் பாலம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கிழக்கும் இரும்பால் பிணைக்கப்பட்டது. மட்டக்களப்பு ரயில் பாதைக்காக மகாவலியின் மேல் மன்னம்பிட்டியிலும், வாழைச்சேனை வாவியின் மேல் ஓட்டமாவடியிலும் எழுந்த பாலங்களில் ரயிலும் வாகனமும் ஒரே தளத்தைப் பகிர்ந்தன. ரயில் வருகிறதென்றால் பஸ் காத்திருக்கும். பல தசாப்தங்களாகக் கிழக்கிலிருந்து கண்டிக்கு வந்த எவரும் அந்தக் காத்திருப்பை மறந்திருக்க மாட்டார்கள். மன்னம்பிட்டியில் 2007இல்தான் வாகனங்களுக்குத் தனிப்பாலம் கிடைத்தது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்படும் கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும்வரை அந்தக் கடவையின் முழுப் போக்குவரத்தையும் அதுவே சுமந்தது.

மலைநாட்டில் உக்கல் செய்த வேலையை வாவிக்கரையில் கறள் செய்கிறது. வெளிப்பரப்பில் பிடிக்கும் கறள் பயமுறுத்தும், ஆபத்துக் குறைவு. சுரண்டி வர்ணம் பூசலாம். ஆபத்தானது இரு தகடுகள் சேரும் இடுக்கில் உட்புகும் உப்பீரம். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். தகடுகளுக்கிடையே அது வளர வளரத் தகடுகளைப் பிதுக்கி, தறையாணியின் தலையையே பிடுங்கி எறியும். வர்ணத் தூரிகை அந்த இடுக்குக்குள் போகாது. ஆகவே பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்து, மேலே பளபளவென்று வர்ணம் இருக்கிறது, நன்றாகப் பேணுகிறார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம்.

கித்துல்கலையைச் சொல்லாமல் இலங்கையின் மரச்சட்டப் பாலங்களைப் பேச முடியாது. சினிமாவுக்காகக் கட்டப்பட்டதே என்று தள்ளிவிடவும் முடியாது. டேவிட் லீனின் ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காகக் களனி ஆற்றின் மேல் எழுந்த அந்த மரப்பாலம் 425 அடி நீளம்; உண்மையான ரயில் ஓட வேண்டியிருந்ததால் உண்மையான பொறியியல் வேலையாகவே கட்டப்பட்டது. 1957 மார்ச்சில், பிரதமர் பண்டாரநாயக்க பார்த்திருக்க, ரயிலோடு தகர்க்கப்பட்டது. தாய்லாந்தின் நிஜப் பாலம் படத்தில் வருவது போன்றதல்ல. அங்கே முதலில் ஒரு மரப்பாலமும், பக்கத்தில் இரும்புப் பாலமும் 1943இல் கட்டப்பட்டன. இரும்பின் வளைந்த சட்டங்களை ஜப்பானியர் ஜாவாவில் கழற்றி எடுத்து வந்து கோத்தார்கள். கழற்றிக் கொண்டுபோகக்கூடியது என்பதும் டிரஸ்ஸின் குணம்தான். படம் பிரித்தானியக் கைதிகளின் கதையைச் சொன்னது. அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழர் அதில் இல்லை. மலையகத்தின் ஆற்றில் எடுத்த படத்தில் இப்படி ஒரு விடுபடல் இருப்பதை நான் தற்செயலாக மட்டும் பார்க்கவில்லை.

கழற்றிக் கோக்கும் குணத்தை எல்லைவரை கொண்டுபோனவர் டொனால்ட் பெய்லி. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இந்த ஆங்கிலேயப் பொறியியலாளர் பாலத்தைக் கணக்கிலிருந்து தொடங்கவில்லை. ஆறு ஆட்கள் எவ்வளவு தூக்குவார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். பத்தடி நீளம், 570 இறாத்தல் எடையுள்ள இரும்புச் சட்டம்; அதுவே செங்கல், அதுவே பாலம். பாரம் கூடினால் பக்கத்தில் இன்னொரு வரிசை, இன்னும் கூடினால் மேலே இன்னொன்று. ஒரு சட்டத்தை அடுத்ததோடு சேர்ப்பது மேலும் கீழும் ஒவ்வொரு ஊசி. தறையாணியும் உலையும் வேண்டாம். கரையில் கோத்து, உருளைகளின் மேல் ஆற்றுக்குக் குறுக்கே தள்ளிவிடலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது கண்டி மாவட்டமும் மண்சரிவாலும் மகாவலி வெள்ளத்தாலும் துண்டாடப்பட்டது. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. அந்த நெருக்கடியில் இந்தியா விமானத்தில் ஏற்றி அனுப்பிய உதவிகளில் பெய்லி பாலங்களும், அவற்றைக் கோக்கும் இராணுவப் பொறியியல் அணியும் இருந்தன. கிளிநொச்சியில் ஏ-35 வீதியில் 120 அடிப் பாலம் ஒன்று டிசம்பரிலேயே திறக்கப்பட்டது.

இத்தகைய பாலங்களைத் தற்காலிகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம் நாட்டில் தற்காலிகம் எவ்வளவு காலம் என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பெய்லியின் ஊசி, துளையைவிடச் சற்றே மெலிந்தது. அப்படி இருந்தால்தான் வயலில் நின்று சேற்றுக்கையோடு கோக்க முடியும். வாகனம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் துளை கொஞ்சம் தேயும். நூற்றுக்கணக்கான சிறு தேய்மானங்கள் கூடும்போது பாலம் நடுவில் தொய்யும், போல்ட்டுகள் தளரும், ஊசி நழுவாமல் காக்கும் கிளிப்புகள் காணாமற் போகும். இறுக்குவதற்குக் கால அட்டவணையும், வேகத்துக்கும் பாரத்துக்கும் வரம்பும், அந்த வரம்பைக் காவல் செய்ய ஆளும் வேண்டும். கோத்த படையணி திரும்பிப் போன பிறகு அந்த வேலை, ஸ்பானரும் கையுமாகப் பாலத்தடிக்கு இறங்க வேண்டிய உள்ளூர் வீதி ஊழியரிடம்தான் வந்து சேரும். பாலத்தை ஒப்படைக்கும் தாள்களோடு ஊசிகளின் எண்ணிக்கையும் பரிசோதனை அட்டவணையும் அவர் கைக்கு வர வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில்.